ஒரே கோப்பில் போட்ட ஜாதகங்கள்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே ஒன்பது ஆண்டுகளாகக் கணினியின் முன் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்கு வரன் தேடிக் கொடுக்கிறவள் வேணி. வயது முப்பத்திரண்டு. ஊர் செட்டிகுளம். தினமும் காலையில் டவுன் பஸ் ஏறி வந்து, கதவைத் திறந்து, கணினியைத் தட்டிவிட்டு, அது விழித்துக்கொள்வதற்குள் கீழே இறங்கிச் சாமி படத்துக்குப் பூ வாங்கி வருவாள். பூ அவளுக்காக அல்ல, முதலாளி பஞ்சநாதனுக்காக. அவர் உள்ளே வந்ததும் முதலில் படத்தைப் பார்ப்பார், பிறகுதான் வேணியைப் பார்ப்பார்.

வருகிறவர்கள் ஜாதக நகலை நீட்டுவார்கள். பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம், ராசி, படிப்பு, சம்பளம், நிறம் எல்லாவற்றையும் அவள் தட்டி ஏற்றுவாள். நிறம் என்ன என்று கேட்டால் பிள்ளை பெற்றவர் யாரும் இதுவரை கறுப்பு என்று சொன்னதில்லை. சம்பளம் கூடும், வயது குறையும். முதல் வருடம் வேணிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பொய் சொல்கிறவர்கள் முகத்தில் தந்திரம் இல்லை, பயம்தான் இருந்தது. முப்பத்தைந்து தாண்டிய மகன்களை வைத்துக்கொண்டு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூசுகிற அப்பாக்கள். மகளுக்கு ஒரு வரன் தட்டிப்போனதை வாயால் சொல்ல முடியாமல் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடுகிற அம்மாக்கள். தன் பிள்ளைகளைத் தானே கூண்டில் அடைத்துவிட்டு, கூண்டுக்குள் இணை கிடைக்கவில்லையே என்று மாடிப்படி ஏறி வந்து அழுகிற ஒரு சமூகத்தை அவள் தினமும் எதிர் நாற்காலியில் பார்த்தாள். இந்தக் கூண்டுக்குத்தான் நம்மவர்கள் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மையத்தில் ஜாதி என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. சமுதாயம் என்பார்கள். கணினியில் பத்து சமுதாயங்களுக்குப் பத்துத் தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இருநூறு பையன்கள், இருநூறு பெண்கள். ஒரு கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினால் கணினி ஒவ்வொரு பையனின் கட்டத்தையும் ஒவ்வொரு பெண்ணின் கட்டத்தோடும் வைத்துப் பார்க்கும். நட்சத்திரப் பொருத்தம், ராசிப் பொருத்தம், தோஷம், தசை எல்லாம் பார்த்து, யாருக்கு யார் பொருந்தும் என்று அச்சடித்துத் தரும். ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம் ஆகும். வேணி டீ குடித்து முடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிடும். அந்த நிரலை எழுதிக் கொடுத்தவன் திருச்சியில் கடை வைத்திருக்கும் பிரேம் என்ற இளைஞன். அவனுக்கு இந்தக் கட்டங்களில் துளியும் நம்பிக்கை கிடையாது. "எதை எதோட ஒப்பிடணும்னு சொல்லுங்க, நான் ஒப்பிட்டுத் தரேன். பூசணிக்காயா இருந்தாலும் சரி" என்பான்.

வேணியின் ஜாதகமும் அதில் ஒரு கோப்பில் இருந்தது. அவள் பிறந்த நேரம் எப்படிக் கிடைத்தது என்பது ஒரு கதை. வீட்டிலேயே பிரசவம், மின்சாரம் இல்லை, கடிகாரம் நின்றுபோயிருந்தது. பெரம்பலூர் பஸ் ஊருக்குள் வந்து திரும்பிய சத்தம் கேட்ட பிறகு குழந்தை அழுதது என்று அவள் அப்பா காசிநாதன் ஜோசியரிடம் சொன்னார். அந்த பஸ் என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் ஜோசியர் பஸ்ஸின் அட்டவணை நேரத்தையே வைத்துக் கட்டம் போட்டார். செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம் என்று தீர்ப்பு எழுதினார். போக்குவரத்துக் கழகத்தின் அட்டவணை ஒரு பெண்ணின் தலையெழுத்தாகி முப்பத்திரண்டு வருடம் ஆகிறது.

மூல நட்சத்திரப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். அதனால் அவளுக்கு வரும் பையனுக்குச் செவ்வாய் இருக்க வேண்டும், அப்பா இருக்கக்கூடாது. ஒரு மனிதர் செத்துப்போயிருப்பது ஒரு தகுதியாக எழுதப்படும் கோமாளித்தனம் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. இருநூறு பேரில் இப்படி ஒருவன், அதுவும் வயதும் ஒத்துவந்து, எங்கே கிடைப்பான்? எப்போதாவது ஒன்று காட்டும். அப்பா விசாரிக்கப் போவதற்குள் அந்தப் பையனுக்கு நிச்சயம் முடிந்திருக்கும். மற்றபடி ஒவ்வொரு மாதமும் அவள் பெயருக்கு எதிரே 'வரன் இல்லை' என்ற வரி வந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அந்த வரி வந்தால் வேணி தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பாள். தனக்கு வந்தால் அந்தத் தாளைப் பின்பக்கம் கணக்குப் போடப் பயன்படுத்துவாள். எங்கோ தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தாள். அது பஸ் போட்ட கட்டம் என்று தெரிந்தும் நம்பினாள். ஒரே பொய்யை மாதா மாதம் அச்சில் பார்த்தால் யாருக்குத்தான் அசையாது?

இந்த ஆண்டு விஷயம் முற்றியது. தங்கை சுவாதிக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. அக்கா இருக்கும்போது தங்கைக்குச் செய்ய முடியாது என்று மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் உடையார்பாளையம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் பெரியசாமி வேணியைக் கேட்டு ஆள் விட்டார். வயது நாற்பத்தேழு. மனைவி இறந்து இரண்டு வருடம். பெரிய பையன் கல்லூரியில் படிக்கிறான். "ரெண்டாந்தாரத்துக்கு ஜாதகம் பாக்க வேண்டியதில்லைங்க" என்று வந்தவர் சொன்னார். பெண் என்றால் பிறந்த நிமிடம் வரை தோண்டுகிற கிரகங்கள், ஆணின் இரண்டாம் கல்யாணம் என்றால் விடுப்பு எடுத்துக்கொள்கின்றன.

காசிநாதன் கெட்டவர் அல்ல. சின்ன வெங்காயம் போட்டு, ஒரு வருடம் விலை கிடைத்தால் மறு வருடம் அழுகலோடு மல்லுக்கட்டி, இரண்டு பெண்களையும் படிக்க வைத்தவர். அவர் வேணியிடம் ஒரு பேச்சு வைத்தார்.

"ஆவணில உங்க ஆபீஸ்ல பெரிய விழா நடக்குதுன்னியே. அதுல ஒண்ணும் அமையலன்னா பெரியசாமிக்குச் சரின்னு சொல்லிரலாமா?"

வேணி சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு விருப்பம் இல்லை. ஆனால் மறுக்கக் காரணமும் இல்லை என்று நினைத்தாள். வேறு ஆள் இருந்தால்தானே மறுப்பது?

விழா என்பது பஞ்சநாதனின் யோசனை. துறையூர் சாலையில் ஒரு மண்டபத்தை எடுத்து, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தாரையும் கூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கே பொருத்தத் தாளைக் கையில் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு சமுதாயத்துக்கும் தனித்தனி நாள் வைத்தால் பத்து நாள் வாடகை. எனவே எல்லோருக்கும் ஒரே நாள்.

"எல்லாத்தையும் ஒரே கோப்பா போட்டுரு வேணி" என்றார் அவர். "டோக்கன் நம்பர் வரிசையில பிரின்ட் வரணும். பத்துக் கவுன்ட்டர் வெச்சா எந்தக் கவுன்ட்டர்ல யாருன்னு ஒருத்தர ஒருத்தர் நோட்டம் விட்டுக்கிட்டு நிப்பாங்க. வம்பு."

"சமுதாயம் கலந்துராதா சார்?"

"கடைசில பிரின்ட் எடுக்கறப்ப அது பிரிச்சுக் குடுத்துருமாம். பிரேம்கிட்ட கேட்டுட்டேன்."

வேணி பத்துக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தாள். ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம் என்றால் பத்துக் கோப்புக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு, விழா ஆரம்பிக்கும்போது, தாள்கள் தயாராக இருக்கும். பஞ்சநாதன் அதையே அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்.

ஆவணி முதல் ஞாயிறு. கணினியை மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எட்டு மணிக்கு வேணி பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைப் பட்டை தோன்றியது. அது நகர்வதே தெரியவில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. செட்டிகுளம், கல்லங்குறிச்சி, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பெண்கள் பட்டுப்புடவையில், ஆண்கள் இஸ்திரி மடிப்பு கலையாத வேட்டியில். கல்யாணப் பையன்கள் மட்டும் சுவரோரம் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டிமடத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் ரத்தினம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக வேணியின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகனுக்கு முப்பத்தாறு.

"என்ன பாப்பா, உன் பொட்டி பேச மாட்டேங்குது?"

"ஓடிக்கிட்டு இருக்குங்கம்மா."

"எங்க ஓடுது? எங்க வூட்டு எருமை இதவிட வெரசா நடக்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து மணிக்குச் சிரிப்பு நின்றது. யாரோ ஒருவர் ஒலிபெருக்கிக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தார். பஞ்சநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என்னாச்சு வேணி? ஃபோட்டோல்லாம் பெருசா இருக்கே, அதனாலயா?"

வேணிக்கும் அந்தச் சந்தேகம் முதலிலேயே இருந்தது. ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படங்கள் கோப்பைப் பெருக்க வைத்திருந்தன. அதனால் முந்தின நாளே படங்களையெல்லாம் நீக்கியிருந்தாள். கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. கோப்பு சுருங்கியும் வேகம் வரவில்லை. அவள் பிரேமைக் கூப்பிட்டு, மண்டபச் சத்தத்தில் காதில் விழாததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோப்ப இவ்வளவு சின்னதாக்கியும் நகர மாட்டேங்குது பிரேம். கம்ப்யூட்டர் போயிருச்சா?"

"ஃபோட்டோவ எடுத்தா கோப்பத் தெறக்கறது, காப்பி பண்றது சீக்கிரம் ஆகும்க்கா. ஆனா நாம ஃபோட்டோவையா ஒப்பிடறோம்? ஆளு ஒல்லியா குண்டான்னு கணக்கில்ல. எத்தனை பேரு எத்தனை பேரப் பாக்கணும்ங்கறதுதான் நேரம். எத்தன ஆளு போட்டிருக்கீங்க?"

"எல்லாத்தையும் சேத்து ரெண்டாயிரம் பையன், ரெண்டாயிரம் பொண்ணு."

மறுமுனையில் பிரேம் சிரித்தான். "செத்தோம். முன்னாடி பத்து ரூம்ல தனித்தனியாப் பேச்சு நடந்துச்சு. ஒரு ரூம்ல இருநூறு பையன், இருநூறு பொண்ணு. ஒவ்வொரு பையனையும் ஒவ்வொரு பொண்ணோட வெச்சுப் பாத்தா நாப்பதாயிரம் ஜோடி. அதுக்கு ஆறு நிமிஷம். சரியா?"

"சரி."

"இப்ப சுவத்தையெல்லாம் இடிச்சிட்டு ஒரே ஹால்ல விட்டுட்டீங்க. ஒவ்வொரு பையனும் ரெண்டாயிரம் பொண்ணையும் பாக்கணும். அப்படி ரெண்டாயிரம் பையன். நாப்பது லட்சம் ஜோடிக்கா. நூறு மடங்கு."

"ஆளு பத்து மடங்குதானே கூடுச்சு?"

"ரெண்டு பக்கமும் பத்து மடங்கு கூடுச்சே. பத்துப் பத்து நூறு. ஆறு நிமிஷம் நூறு தடவை. பத்து மணி நேரம் ஆகும்."

வேணி மண்டபத்தைப் பார்த்தாள். பத்து மணி நேரம் என்றால் சாயங்காலம் ஆறு மணி. அதற்குள் இந்தக் கூட்டம் நாற்காலிகளை உடைத்துவிடும்.

"வேற வழி?"

"சமுதாயத்த நான் கடைசியாக் கேக்கற மாதிரி வெச்சிருக்கேன். எல்லாரையும் எல்லாரோடயும் பாத்து முடிச்சிட்டு, கடைசில வேற ஆளுங்கள அடிச்சு விட்டுரும். அத மொதல்ல கேக்கற மாதிரி மாத்திட்டா, ஒவ்வொரு பையனும் அவன் ஆளுங்க இருநூறு பேர மட்டும் பாப்பான். மத்தவங்களத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நீங்க நெனச்ச மாதிரி ஒரு மணி நேரம். நான் இங்கேருந்தே மாத்தறேன், பத்து நிமிஷம் குடுங்க. ஆனா இப்ப வரைக்கும் பாத்ததெல்லாம் போயிரும்."

பஞ்சநாதன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போனாப் போவுது. மாத்தச் சொல்லு" என்றார். நிம்மதியோடு மைக்கைப் பிடிக்க மேடை ஏறினார்.

பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கணினி இன்னும் பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கால் பங்கு முடிந்திருந்தது. அதுவரை கிடைத்த பொருத்தங்களைப் பார்க்க ஒரு சின்னக் கட்டம் உண்டு. டோக்கன் எண்ணைத் தட்டினால் காட்டும். வேணி பழக்கதோஷத்தில் தன் எண்ணைத் தட்டினாள்.

மூன்று பெயர்கள் வந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மூன்றுதான். ஒருவன் கல்லங்குறிச்சி, பால் சொசைட்டியில் எழுத்தர். ஒருவன் ஜெயங்கொண்டத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இன்னொருவன் அரியலூரில் பள்ளி ஆசிரியர். மூன்று பேருக்கும் அவள் வயதுதான், ஒன்றிரண்டு முன்பின். நாற்பத்தேழு யாருக்கும் இல்லை.

சமுதாயம் என்பது அந்த வரிசையின் கடைசி நெடுவரிசை. பார்க்க வேண்டுமானால் திரையை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அவள் நகர்த்தவில்லை.

அவர்களை அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள் என்று நினைக்க வேண்டாம். யாரென்றே தெரியாது. அந்தப் பெயர்கள் அவளுக்குச் சொன்னது வேறு. ஒன்பது வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த 'வரன் இல்லை' என்ற வரி அவளைப் பற்றியது அல்ல, அந்தக் கோப்பின் அளவைப் பற்றியது. இருநூறு பேரை மட்டும் காட்டிவிட்டு உலகத்தில் உனக்கு ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சுவரை எடுத்துக் கால் பங்குதான் தேடியிருக்கிறது, அதற்குள் மூன்று பேர். கிரகங்களுக்கும் ஜாதிக்கும் என்ன சம்பந்தம்? ஜோசியம் வெறும் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனைகூட மறுக்காத ஜோடிகளை மனிதர்கள் மறுக்கிறார்கள். கணினிக்கு அது ஒரு நெடுவரிசை. ஊரில் அதற்காக அரிவாளை எடுக்கிறார்கள், பெற்ற பெண்ணுக்கே விஷம் வைக்கிறார்கள், வைத்துவிட்டு மானம் காத்தோம் என்று மீசையை முறுக்குகிறார்கள்.

போன் அடித்தது. "மாத்திட்டேன்க்கா. பழசை நிறுத்திட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றான் பிரேம்.

நிறுத்தட்டுமா என்று திரை கேட்டது. மண்டபம் முழுக்க ஜனம். வேணி ஆம் என்ற இடத்தை அழுத்தினாள். மூன்று பெயர்களும் போய்விட்டன. அவற்றை அவள் எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

புதிய ஓட்டம் பிரேம் சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தாள்கள் விழத் தொடங்கின. மைக்கில் டோக்கன் எண்கள் கேட்டன, ஜனம் முண்டியடித்தது, பஞ்சநாதன் முகத்தில் களை திரும்பியது. ரத்தினம்மாள் தன் தாளை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்தார். 'வரன் இல்லை.'

"இதுக்குத்தான் நூறு மைல் வந்தேனா?" என்று ஆரம்பித்தவர், ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டு வேணியின் பக்கம் குனிந்தார். "ஏ பாப்பா. காலைல சுவத்த இடிச்சு விட்டுட்டீங்கன்னு போன்ல அந்தப் பையன் சொல்லிக்கிட்டு இருந்தானே, அப்ப ஏதாச்சும் வந்துச்சா எம்புள்ளைக்கு?"

"பாக்கலீங்கம்மா. அது வேற ஆளுங்களா இருந்திருக்கும்."

"வேற ஆளுங்கன்னா அவங்க வூட்டுல சோறு திங்கறதில்லையா? முப்பத்தாறு வயசு ஆச்சுடி அவனுக்கு. ராத்திரி சாப்பாட்டுத் தட்ட அவனே கழுவி வெக்கிறான், எனக்குக் கஷ்டம்னு." ரத்தினம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "எப்பவாச்சும் ஆபீஸ்ல ஆள் இல்லாத நேரத்துல தேடிப் பாரு. நான் கேட்டேன்னு மைக்குல சொல்லித் தொலைச்சிராத."

"நேரம் ஆகும்மா. பத்து மணி நேரம்."

"ஆவட்டும். எனக்கு என்ன பஸ்ஸா போவுது?"

அவர் போன பிறகும் வேணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கூட்டத்தில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களோ. பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான் என்று பயந்து ஒவ்வொருவரும் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போது காசிநாதன் வந்தார். அவர் கையில் மகளின் தாள் இருந்தது. அவளைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இல்லன்னுதான் போட்ருக்கு."

"ஆமாப்பா."

"சரி விடு. நாம என்ன பண்றது, உன் கட்டம் அப்படி. பெரியசாமி காலைலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. சாயங்காலமா நானே பேசிச் சரின்னு சொல்லிடறேன்."

"கட்டம் இல்லப்பா."

"என்ன?"

"காலைல பத்தரை மணிக்கு எனக்கு மூணு பேரு இருந்தாங்க. இதே கம்ப்யூட்டர்ல."

காசிநாதன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எங்க போனாங்க?"

"நான்தான் நிறுத்தினேன். இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கும். அப்புறம் சமுதாயத்த மொதல்ல கேட்டு ஓட விட்டோம். அதுல காணோம்."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் குரல் மாறியது.

"என்ன ஆளுங்க?"

"பாக்கல."

"பாக்கலன்னா?"

"பாக்கலப்பா. பாக்கத் தோணல."

"வேணி, இந்தப் பேச்ச இங்கயே விட்ரு. உங்க பெரியப்பன் பசங்க காதுல விழுந்தா என்ன ஆவும் தெரியுமா? என்னை ஊர்ல வெப்பாங்களா? வெங்காயம் புடுங்கறதுக்கு ஒரு கூலியாள் வருவானா? சுவாதிக்கு வந்த எடம் நிக்குமா?"

கோபம் போலத்தான் இருந்தது. ஆனால் பேசப் பேச அவர் கண் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தது. ஒரு அப்பனை மகளிடம் எதிரியாகப் பேச வைப்பது எது என்று வேணிக்குத் தெரியும். அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

"அந்த மூணு பேர்ல ஒருத்தரக் கட்டிக்கறேன்னு நான் சொல்லலப்பா. அவங்க நல்லவங்களோ என்னமோ. கட்டத்தப் பாத்துக் கட்டிக்கறதுல எனக்கு இனிமே நம்பிக்கையே இல்ல."

"அப்புறம் என்னதான் சொல்ற?"

"பெரியசாமி வேண்டாம். எனக்கு ஆளே இல்லன்னு நெனச்சுத்தான் அன்னிக்குத் தலையாட்டினேன். ஆள் இல்லாம இல்ல. நாமதான் தேடல. தேடாம இருந்ததுக்கு நான் ஏன் அவருக்குக் கழுத்த நீட்டணும்?"

"சுவாதி?"

"சுவாதிக்கு முடிச்சிருங்க. அக்காவுக்கு ஆகலன்னா தங்கைக்கு ஆகக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அவங்க கேட்டா, அக்கா வேண்டாம்னு சொல்லிட்டான்னு சொல்லுங்க. என் மேலயே போடுங்க."

காசிநாதன் பந்திப் பக்கம் பார்த்தார். பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவருதான். நான் எப்படிம்மா சொல்லுவேன்? பெரிய மனுசன்."

"குடுங்க."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். ஆலை ஓடும் சத்தத்துக்கு நடுவே பெரியசாமியின் குரல் கேட்டது.

"காசிநாதன், என்னாச்சு? முடிவு தெரிஞ்சுதா?"

"நான் வேணி பேசறேங்க."

"ஓ. நீயா. சொல்லும்மா."

"அப்பா சொல்லத் தயங்கறாருங்க. அதான் நானே சொல்றேன். இந்தக் கல்யாணத்துல எனக்கு விருப்பம் இல்லீங்க. மன்னிச்சுக்குங்க."

ஆலையை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

"வேற எடம் ஏதாச்சும் அமைஞ்சுருச்சா?"

"இல்லீங்க. ஒண்ணும் அமையல."

"அப்புறம் ஏம்மா? எனக்கு என்ன குறை? உனக்கும் வயசு போவுது."

"உங்ககிட்ட குறை ஒண்ணும் இல்லீங்க. அமையலன்னாலும் எனக்கு வேண்டாம்."

"அப்பாகிட்ட குடு" என்றார் பெரியசாமி. குரலில் கோபமும் இருந்தது, அடிபட்ட வலியும் இருந்தது. தனியாக இருக்கும் மனிதர், அவரும் பாவம்தான். ஆனால் அவருடைய தனிமைக்கு விலையாக வேணியைக் கொடுக்க முடியாது.

காசிநாதன் போனை வாங்கினார். மகளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்க... ஆமாங்க... நான் பேசிப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க, புள்ள சொல்றதுதான்... இல்லீங்க, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்... ஊர் பேசத்தான் செய்யும்ங்க. பேசட்டும்... ஆமாங்க. வெச்சுடறேன்."